முன்கூட்டிச் சொன்ன நன்றி

என் பேரு காத்துல போய்க்கிட்டே இருக்கு, மாதா கோயில் கோபுரத்துல ரெண்டு கொழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்காவ, ஒண்ணு ஊரப் பாத்து, இன்னொண்ணு கடலப் பாத்து, ரெண்டுலயும் ஒண்ணா கெளம்புன என் பேரு தெருவுல முந்தியும் தண்ணிமேல கொஞ்சம் பிந்தியும் கேக்குது, நான் உள்ள பொம்பளைங்க பக்கத்துல முட்டி போட்டுருக்கேன், மிக்கேல் உபதேசியார் கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு தாளக் கண்ணுகிட்ட கொண்டுபோயி வாசிக்காரு, இன்றைய திருப்பலியில் நன்றியாக ஒப்புக்கொடுக்கப்படும் கருத்துகள்னு ஆரம்பிச்சு, புது வள்ளம் எறக்குனவுகளுக்கு அப்புறம், கல்லடைப்பு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்ச தாத்தாவுக்கு அப்புறம், என் பேரு, நம் பங்கின் மகள், பல்கலைக்கழகத்தில் கணிதம் பயில இடம் கிடைத்தமைக்காக, நன்றியுடன் தாயார் பிரகாசியம்மாள், அப்படின்னு அவரு முடிக்கும்போது எனக்குக் காது ரெண்டும் கொதிக்குது, கெடைக்கலயே, எனக்கு எடம் கெடைக்கலயே, வெயிட்டிங் லிஸ்ட்லதான இருக்கேன், திரும்பி அம்மாவப் பாக்கேன், அம்மா கண்ண மூடிக்கிட்டு சிரிச்ச மொகமா இருக்கா, பொட்டிக்குள்ள கெடந்த சேலைய எடுத்து உடுத்தியிருக்கா, அந்துருண்ட வாசம் அடிக்குது, யம்மான்னு அவ முழங்கையத் தொடுதேன், சும்மா இருளா, பூச நேரத்துல பேசாதங்கா. அது போன ஞாயித்துக்கெழம, இப்ப சனிக்கெழம ராத்திரி, அம்மா பக்கத்துல படுத்துருக்கா, ஃபேன் சத்தத்துல நான் வாய் மட்டும் அசைச்சு இதச் சொல்லிக்கிட்டு இருக்கேன், யாருகிட்டன்னு எனக்கே தெரியல, ஆனா சொல்லாட்டி நெஞ்சுக்குள்ள அந்தக் கொழாய் நிக்காது.

அந்த மெயில் வந்த நேரம் அம்மா பின்கட்டுல சாள மீன் செதிலெடுத்துக்கிட்டு இருந்தா, கை முழுக்க செதில் மினுங்குது, யம்மா வந்துட்டும்மான்னு நிக்கேன், என்ன போட்டுருக்கான், வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு போட்டுருக்கும்மா, அப்படின்னா என்ன, கெடைச்சவுக யாராச்சும் வேணாம்னு போனா என்னக் கூப்புடுவாவளாம், எத்தனாவது ஆளுன்னு போடல, எப்பக் கூப்புடுவாவன்னும் போடல, அம்மா கத்திய நிறுத்திட்டுக் கேக்கா, இல்லன்னு சொல்லிட்டானா, இல்லன்னு சொல்லலம்மா, அப்ப உண்டு, இல்லங்கவன் ஒடனே சொல்லிருவான், ஒன் பெரியம்மா மவளப் பொண்ணு பாத்துட்டுப் போன மொத கூட்டம் மறுநாளே போன் போட்டு இல்லன்னுட்டானுவ, யோசிச்சுச் சொல்லுதோம்னு போனாம் பாரு, அவன்தான் இன்னைக்கு அவளுக்கு மாப்ள, ரெண்டு பிள்ளையும் ஆயாச்சு. யம்மா, இது பொண்ணு பாக்கது இல்லம்மா. எல்லாம் ஒண்ணுதாம்ளா, நீ போயி வெங்காயத்த உரி. நானும் உரிச்சேன், கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு நெனச்சுக்கிடுவா, நல்லதாப் போச்சுன்னு உரிச்சுக்கிட்டே இருந்தேன், வேண்டியதுக்கு மேல உரிச்சிட்டேன், ராத்திரி கொழம்பு இனிச்சிச்சு.

அம்மாகிட்ட ஒரு பழக்கம் உண்டு, அவ மாதாகிட்ட எதையும் கேக்க மாட்டா, நன்றிதான் சொல்லுவா, நடக்கதுக்கு முந்தியே. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது அப்பா கடலுக்குப் போன போட்டு எஞ்சின் நின்னு காணாமப் போச்சு, கரையில பொம்பளைங்க எல்லாம் மண்ணுல உருண்டு அழுதாவளாம், எல்லா வீட்டுலயும் ஆளு திரும்பி வரணும்னு மன்றாட்டுப் பூசைக்குச் சொல்லியிருக்காவ, எங்கம்மா மட்டும் குளிச்சு, கல்யாணச் சேலைய உடுத்தி, என்ன இடுப்புல வச்சுக்கிட்டு உபதேசியார்கிட்ட போயி, புருசன் பத்திரமாக் கரை சேந்ததுக்கு நன்றின்னு எழுதிக்கிடுங்கன்னுருக்கா, அவளுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு ஊரே பேசியிருக்கு, உபதேசியாரும் எழுதமாட்டேன்னுதான் நின்னுருக்காரு, அவ வாசல விட்டு நகரல, கடைசியில எழுதி வாசிச்சாரு, பூச முடிஞ்சு சனம் வெளிய வரும்போது நாகப்பட்டினத்துக்காரன் லாஞ்சு ஒண்ணு அப்பா போட்டைக் கட்டி இழுத்துக்கிட்டு வருது, எனக்கு அந்தக் காட்சி நல்லா ஞாபகம் இருக்கு, இல்ல, கேட்டுக் கேட்டு ஞாபகமாப் போனதா, அம்மா இடுப்புல இருந்து பாத்தா கடல் சாஞ்சு தெரியுது, அப்பா கைய ஆட்டுதாரு, அம்மா திரும்ப ஆட்டக்கூட இல்ல, நன்றிதான் மொதல்லயே சொல்லியாச்சே, அப்புறம் எதுக்குன்னு நிக்கா. கேட்டா மாதா யோசிப்பாவளா, குடுக்கவா வேணாமான்னு, நன்றி சொல்லிட்டா யோசிக்க வழி இல்ல, குடுக்காட்டி மாதாவுக்குத்தான மானம் போவும். இதுதான் எங்கம்மா கணக்கு. நான் எந்தக் கணக்கையும் போட்டுப் பாத்துருவேன், இத மட்டும் தப்புன்னு போடத் தெரியல, விடை சரியா வந்துருக்கே, அப்பா வந்துட்டாரே, இந்தா இப்பவும் பஹ்ரைன்ல வல போட்டுக்கிட்டு இருக்காரே.

பூச முடிஞ்சு வெளிய வந்ததுல இருந்து எல்லாரும் கையப் புடிச்சுக் குலுக்குதாவ, எங்க தெரு அன்பியத்துக்குத் தலைவி பெர்னதெத் அத்த, மாதாமாசம் வீட்டுக்கு வீடு செபம் வைக்கதுக்கு ஆள் சேக்கது அவதான், ஏளா டெல்லியா பம்பாயாளா, அங்கல்லாம் மீனு கெடைக்காதாமே, நெத்திலிக் கருவாடு பொட்டலம் கட்டித் தாரேன், நாத்தம் வெளிய தெரியாம நாலு கவர் போட்டுத் தாரேன்ங்கா, ஐஸ் கம்பெனியில நிக்கிற பயலுவ, வழி விடுலே கணக்கு மேடம் வாராவ, மேடம் எங்க மொதலாளி கணக்கயும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னு கையக் கட்டிக்கிட்டு நிக்கானுவ, நான் சிரிக்கேன், மொகம் வலிக்குது. ஜெனோவா மட்டும் ஓரமா நின்னா, ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு, அவகிட்ட ஓடிப்போயி காதுக்குள்ள சொன்னேன், ஏட்டி எனக்கு இன்னும் கெடைக்கல, வெயிட்டிங் லிஸ்ட்டுதான், அம்மா பாட்டுக்கு பூச சொல்லிட்டா, அவ என்ன மேலயுங் கீழயும் பாக்கா, நடிக்காதட்டி, நான் ஒண்ணும் கண்ணு வச்சிர மாட்டேன். நெசமாத்தான்டி சொல்லுதேன். எங்க சித்தியும் இப்படித்தான், வயித்துல பிள்ள வந்தப்ப எங்ககிட்ட வாயுக்கோளாறுன்னா, அது மாதிரி நீயும் சொல்லுத. பெர்னதெத் அத்தகிட்ட சொல்லிப் பாத்தேன், அவளும் என் கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சுட்டு, அப்படித்தாம்ளா சொல்லணும், கண்ணு பொல்லாதுன்னு போயிட்டா. எங்க ஊர்ல நல்லது நடந்தா நடக்கலன்னுதான் சொல்லுவாவ, இப்ப நான் நடக்கலன்னு நெசத்தச் சொன்னா அதயும் நடந்துட்டுன்னு எடுத்துக்கிடுதாவ, எந்தப் பக்கம் போனாலும் சொவரு, இத்தன பேரு என்னப் பத்திப் பேசுதாவ, ஒருத்தர்கிட்டயும் என்னால பேச முடியல, ஜெனோவா அன்னைல இருந்து போன் பண்ணல, நான் பண்ணுனாலும் துணி தொவைக்கேன் அப்புறம் பேசுதேங்கா, எத்தன துணிதான் தொவைப்பா.

கண்ண மூடுனா அந்த இன்டர்வியூதான் வருது, போனுல மூணு கட்டம், மூணு மொகம், அம்மா குக்கர அணைச்சிட்டு, தெருவுல போயி நின்னுக்கிட்டா, மீன் லோடு வண்டி வந்தா கையக் காட்டி ஹாரன் அடிக்காதீங்கங்கா, கோழிய வெரட்டுதா, ஜன்னல் வழியா அவ தல மட்டும் தெரியுது, நடுக்கட்டத்துல இருந்த மேடம் நரைச்ச முடிய வெட்டி விட்டுருந்தாவ, நல்ல மொகம், என் தப்பு இங்கிலீஷுக்கு தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாவ, அப்புறம் ஒரு கேள்வி, சதுரங்கப் பலகையில எதிரெதிர் மூலைக் கட்டம் ரெண்டயும் வெட்டி எடுத்துட்டா, மிச்சத்த ரெண்டு கட்டம் நீளமுள்ள கட்டையால முழுசா மூட முடியுமா. எனக்கு வயித்துக்குள்ள வெளக்கு எரிஞ்ச மாதிரி ஆயிட்டு, தெரிஞ்சுபோச்சு, நாட் பாசிபிள் மேடம்னேன், பிகாஸ்னு ஆரம்பிச்சேன், வெட்டுன ரெண்டும் ஒரே நெறம் மேடம், கட்ட எப்ப வச்சாலும் ஒரு கறுப்பு ஒரு வெள்ளயத்தான் மூடும், அப்ப மிச்சம் இருக்க கறுப்பும் வெள்ளயும் சமமா இல்ல, எப்படி வச்சாலும் தோக்கும், நான் சொல்லிக்கிட்டே போறேன், மேடம் வாயக் கொஞ்சம் தொறந்தமேனிக்கு என்னையே பாக்காவ, கண்ணே சிமிட்டல, அவ்வளவு நல்லா சொல்லுதேனா, அப்புறந்தான் தெரியுது, நெட்டு போயிட்டு, மூணு மொகமும் ஒறைஞ்சு நிக்குது. திரும்ப வந்தப்ப நேரம் முடிஞ்சிட்டு, தேங்க்யூன்னுட்டு வச்சுட்டாவ. அவுக காதுல கடைசியா விழுந்தது நாட் பாசிபிள் மட்டுமா, அதுக்குப் பின்னால இருந்த அத்தனையும் எங்க போச்சு, இப்பக்கூட எங்கயாச்சும் கம்பி வழியா போய்க்கிட்டு இருக்கா, தூக்கத்துல அந்த மேடம் நம்ம கோயில் பீடத்துல நிக்காவ, வாய் தொறந்தே இருக்கு, உள்ள இருந்து உபதேசியார் கொரல்ல என் பேரு வருது, நான் பிகாஸ் பிகாஸ்னு கத்துதேன், பொம்பளைங்க பக்கம் பூரா கறுப்பு வெள்ளக் கட்டமா இருக்கு, எங்கம்மாவும் நானும் மட்டும் வெட்டி எடுத்த மூலையில ஆளுக்கு ஒண்ணா நிக்கோம், ஒரே நெறம், எந்தக் கட்டையும் எங்க ரெண்டு பேரையும் சேத்து மூடாது.

தூத்துக்குடி பொம்பளப் பிள்ளைக காலேஜுல எனக்கு கணக்குக்கு எடம் வந்துருக்கு, அது வெயிட்டிங் லிஸ்ட்டு இல்ல, நெசமான எடம், திங்கக்கெழமைக்குள்ள போயி சேரணும், இல்லன்னா அடுத்த பிள்ளைக்குப் போயிரும், பெத்தவுக கூட வந்து கையெழுத்துப் போடணும், அம்மா வரமாட்டேன்னுட்டா. இங்க சேந்தாலும், அவுக கூப்புட்டா விட்டுட்டுப் போயிக்கிடலாம்மா. நன்றி சொல்லிட்டு பின்னாலயே போயி இன்னொரு கதவத் தட்டுனா மாதா என்ன நெனைப்பாவ, இவளே நம்பலயே நான் எதுக்குக் குடுக்கணும்னு நெனைக்க மாட்டாவளா. கூப்புடாமப் போயிட்டா ரெண்டும் இல்லாமப் போயிருமேம்மா. அப்படிப் பேசாதளா, ஒங்கப்பன் கடல்ல கெடக்காரு, அந்த வார்த்தய இந்த வீட்டுல சொல்லாத. அப்பந்தான் எனக்கு வெளங்குச்சு, இது என் எடம் மட்டும் இல்ல, எனக்குக் கெடைக்காமப் போனா அம்மா நன்றி தப்பாப் போவும், தப்பாப் போனா, அப்பா ஒவ்வொரு தடவ கடலுக்குப் போகும்போதும் அவ எதப் புடிச்சுக்கிட்டுத் தூங்குவா. அப்பாவுக்கு வாய்ஸ் அனுப்புனேன், கரைக்கு வந்தப்பத்தான் கேட்டுருக்காரு, எஞ்சின் சத்தத்துக்கு நடுவுல பதில், அம்மா சொல்லுததக் கேளு மக்கா, நான் உசிரோட இருக்கது அவ சொன்ன நன்றியில. அப்புறம் திரும்பக் கடலுக்குப் போயிட்டாரு. நான் மிக்கேல் உபதேசியாரத் தேடிப் போனேன், மெழுகுத்திரி மிச்சத்த எல்லாம் சொரண்டி டப்பாவுல போட்டுக்கிட்டு இருந்தாரு, தாத்தா, வாசிச்ச நன்றியத் திரும்ப எடுக்க முடியுமான்னேன், அவரு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்காரு, கல்யாண ஓலைய நிறுத்துங்கன்னு வந்துருக்காவ, பெத்தவங்க வந்துருக்காவ, ஒரு தடவ மாப்ளயே வந்தான், நன்றிய நிறுத்தச் சொல்லி யாரும் வந்ததில்லயே தாயி. கல்யாண ஓலை வாசிக்கும்போது கடைசியில சொல்லுவாரு, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரியப்படுத்தவும்னு, மூணு ஞாயிறு கேட்டுட்டுத்தான் கட்டி வைப்பாவ, என் பேர வாசிச்சப்ப யாராச்சும் அப்படிக் கேட்டுருக்கக் கூடாதா, தடை இருக்கு, அந்தத் தடை நாந்தான்னு எந்திரிச்சிருப்பேனே.

இந்த வாரம் சனிக்கெழம மாதா நவநாள் பூசையில வாசிக்கது எங்க அன்பியத்து மொற, பெர்னதெத் அத்த வந்து, மன்றாட்டு நீதாம்ளா வாசிக்கணும், பெரிய படிப்புக்குப் போற பிள்ள இருக்கும்போது நாங்க எழுத்துக்கூட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்குன்னு தாளக் கையில திணிச்சுட்டுப் போனா, கெடைக்காத எடம் எனக்கு மைக்கக் குடுக்குது. இன்னைக்குச் சாயங்காலந்தான் அது, என்னமோ போன வருசம் மாதிரி இருக்கு, படி ஏறி நிக்கேன், மைக்கு எச்சி வாசம் அடிக்குது, திருச்சபைக்காக, நாட்டத் தலைமை தாங்குறவுகளுக்காக, கடல்மேல இருக்கவுகளுக்காக, ஒவ்வொண்ணும் முடிய இறைவா உம்மை மன்றாடுகிறோம்ங்கேன், சனம் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னு மொத்தமாச் சொல்லுது, கடல்கரை பக்கத்துக் கொழாய் என் கொரல எனக்கே திரும்ப அனுப்புது, கடைசியா படிக்கிற பிள்ளைகளுக்காகன்னு இருக்கு, அந்த வரி வரைக்கும் நான் ஒண்ணும் நெனைக்கல, சத்தியமா நெனைக்கல, வாசிக்கணும்னுதான் வாயத் தொறந்தேன், என் பேருதான் வந்துச்சு. என் பேரச் சொல்லி, இறைவா, எனக்கு இன்னும் எடம் கெடைக்கல, போன ஞாயித்துக்கெழம வாசிச்சது நடக்காத காரியம், கண்ணு படும்னு சொல்லல, நெசமாவே நடக்கல, வெயிட்டிங் லிஸ்ட்டுல இருக்கேன், கூப்புட்டாலும் கூப்புடுவாவ, கூப்புடாமலும் போவாவ, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, தூத்துக்குடி காலேஜுல திங்கக்கெழம சேரணும், அதுக்கு எங்கம்மா என்கூட வரணும், எங்கம்மா சொன்ன நன்றியில தப்பு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் தனியாக் காத்திருக்கத் தெரியல. நின்னுட்டேன், மூச்சு மைக்குல புஸ்ஸுன்னு போவுது, அப்புறம் பழக்கத்துல வாய் தானாச் சொல்லுது, இறைவா உம்மை மன்றாடுகிறோம்.

ஃபேன் சுத்துது, ஒரு பிள்ள இருமுது, சாமியார் என்னப் பாக்காரு, பெர்னதெத் அத்த வாயில கைய வச்சுக்கிட்டா, ஜெனோவா எந்திரிச்சுப் பாக்கா, நான் தாள மடிக்கேன், விரிக்கேன், எறங்க படி எங்க இருக்குன்னு தெரியல, அப்ப பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒத்தக் கொரல், கரகரன்னு, பாதியில ஒடைஞ்சு, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். எங்கம்மா. மன்றாட்டுக்கு எல்லாரும் பதில் சொல்லும்போது வாயத் தொறக்காம நிப்பாளே, நாம என்ன பிச்சையா எடுக்கோம்னு கேப்பாளே, அந்த எங்கம்மா, முந்தானைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, எங்கயும் பாக்காம, தனியா நின்னு கேக்கா. அவ பின்னாலதான் மிச்ச சனமும் சொல்லுச்சு, கலைஞ்சு கலைஞ்சு, ஆளுக்கு ஒரு வேகத்துல.

வீட்டுக்கு வாற வழியில பெர்னதெத் அத்த, ஏளா இத மொதல்லயே சொன்னா என்னளாங்கா, சொன்னேன் அத்த, சொன்னியா, எப்பச் சொன்ன, யாரோ கண்ணு பொல்லாதுன்னு கன்னத்த வழிச்சாவளே அப்பச் சொன்னேன், அவளுக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல, கருவாட்ட நீ தூத்துக்குடிக்கே கொண்டு போ போன்னுட்டா. அம்மா எனக்கு முன்னாலயே வெறுவெறுன்னு நடந்தா, வீட்டுக்கு வந்து சோறு போட்டா, அவ சாப்புடல, அப்புறம் கொடியில கெடந்த என் சுடிதார எடுத்து தேச்சுக்கிட்டே, திங்கக்கெழம எந்த பஸ்ஸுக்குப் போணும்னா. மொத பஸ்ஸுக்கும்மா. அவுக கூப்புடுவாவளாளா, என்கிட்ட கேக்கா, மாதாகிட்ட கேக்காதவ என்கிட்ட கேக்கா, நான் என்ன சொல்லுவேன், தெரியலம்மான்னேன், தெரியலன்னு அவளும் திரும்பச் சொல்லிக்கிட்டா, புது வார்த்தயப் பழகுத மாதிரி. இப்ப செவத்தப் பாத்துப் படுத்துருக்கா, தூங்கல, மூச்சுல தெரியுது, அவளுக்கு அப்பா நெனப்பு, என்னாலதான், அவ கையில இருந்தத நான் புடுங்கிட்டேனோன்னு பயமா இருக்கு, அவ முதுகுல கை வைக்கலாம்னு நீட்டுதேன், வைக்கல, போனத் தொறந்து பாக்கேன், ஒண்ணும் வரல, மூடுதேன், வெளிய அலை அடிச்சுக்கிட்டு இருக்கு, இந்நேரம் அந்தத் தண்ணிமேல என் பேரு இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கும், யாரோ வாசிச்சது இல்ல இது, என் தொண்டையில இருந்து போனது, கோணலா, நடுங்கிக்கிட்டு, ஒண்ணுமே கெடைக்காத பேரு, அது பின்னால கொஞ்சம் தள்ளி, எந்தக் கொழாய்லயும் ஏறாம, எங்கம்மா கொரலும் தட்டுத்தடுமாறிப் போவுது.